இன்னும் சொரசொரப்பா கீது

மேல்வீட்டு அக்காவின் பர்சில் வேறு எது இருக்கிறதோ இல்லையோ, நாலாக மடித்த உப்புத்தாள் துண்டு ஒன்று கட்டாயம் இருக்கும். மரம் தேய்க்கிற உப்புத்தாளைத்தான் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் அவளோடு நானும் மாதா கோயிலுக்குப் போவேன். பூசை நடந்துகொண்டிருக்கும்போதே முன்னால் இருக்கிற பெஞ்சின் விளிம்பைச் சத்தமில்லாமல் தேய்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் முட்டி போட்டிருக்கிற யாராவது ஒரு அம்மா முறைத்தால், “பின்ன? பொடவ மாட்டிக்கினு கிழிஞ்சா சாமியாரா வாங்கித் தருவாரு?” என்பாள். மாவு மில்லில் இருந்த மரத்தட்டு, ரேஷன் கடை மேசை, எங்கள் வீட்டு மாடிப்படிக் கைப்பிடி, எதையும் விட்டதில்லை. அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்கும் மாடிக்கு ஏறுகிறேன்.

தேய்த்த இடத்தை விரலால் தடவிப் பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. குனிந்து கன்னத்தை மரத்தின்மேல் வைப்பாள். கண்ணை மூடிக்கொள்வாள். முதல்முறை பார்க்கிறவர்கள் இந்தப் பொம்பளைக்கு என்ன ஆயிற்று என்றுதான் நினைப்பார்கள்.

“வெரலு பாத்திரம் தேச்சு மரத்துப் போச்சு டைலரம்மா. அது பொய் சொல்லும். கன்னம் சொல்லாது.”

டைலரம்மா நான்தான். ராயபுரத்தில் தண்டவாளத்தை ஒட்டின தெருவில், ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். மேலே அவளும், ஹார்பரில் சரக்கு இறக்குகிற அவள் புருஷனும், மகன் ஜெரால்டும் இருந்தார்கள். அவள் பேரை நான் சொல்லப்போவதில்லை. அது எழுத வேண்டிய இடத்தில் எழுதியிருக்கிறது, பிறகு வருகிறேன்.

எங்கள் பழக்கம் சண்டையில்தான் ஆரம்பித்தது. மாம்பழக் கலர் பட்டு ஜாக்கெட் ஒன்று, கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டியது, கொக்கி கட்டி வாசலில் மாட்டியிருந்தேன். மேலிருந்து மாவு மாதிரி மரத்தூள் கொட்டி ஜாக்கெட் முழுக்க அப்பிக்கொண்டது. எனக்கு வந்ததே ஆத்திரம்! தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

“யாருமா அது மேல, கலீஜ் பண்ணிக்கினு? கண்ணு இன்னா பொடனிலயா கீது?”

இறங்கி வந்தாள். புருவத்தில்கூடத் தூள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஜாக்கெட்டைத் தூக்கி ஒரு ஊது ஊதினாள்.

“தூளுதான, கறையா? ஊதுனா போச்சு. நீ ஏன் இம்மாம் பேஜார் பண்ற?” என்றவள் என் கையிலிருந்த மரஸ்கேலைப் பார்த்துவிட்டாள். “ஐய! இத்த வெச்சா பட்ட அளக்கற? சிலாம்பு நிக்குதே, துணில குத்தி இழுக்காதா?”

பிடுங்கிக்கொண்டு மேலே போய்விட்டாள். சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தபோது ஸ்கேல் பட்டுத்துணியைவிட வழவழவென்று இருந்தது. உள்ளங்கையால் அதை ரெண்டு தட்டு தட்டி, “முடிஞ்சிச்சு, எட்த்துக்கோ” என்றாள். எந்த வேலை முடிந்தாலும் அப்படி ரெண்டு தட்டுத் தட்டித்தான் கொடுப்பாள். நான் ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், அங்குலக் கோடு ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டாள்.

“இன்னாக்கா, நெம்பரக் காணோம்?”

“நெம்பரு கெடக்குது. எப்டி கீது பாரு, சோக்கா!”

மறுநாள் வேறு ஸ்கேல் வாங்கினேன். அதைத் தூக்கிப்போட மட்டும் மனசு வரவில்லை.

இந்த மரப் பைத்தியம் அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தும் வந்ததில்லை. கப்பலில் பெரிய பெரிய மிஷின்கள் வரும்போது அசையாமல் இருக்க அடியில் கட்டை முட்டுக் கொடுத்திருப்பார்கள். வேண்டாமென்று ஒதுக்குகிற அந்தக் கட்டைகளைக் கேட்டு வாங்கி, வெந்நீர் போட அண்ணன் தூக்கிவருவார். அவள் புருஷனைத்தான் அண்ணன் என்கிறேன். ஒரு நாள் அடுப்பில் வைக்கப்போன கட்டையிலிருந்து நல்ல வாசனை வந்திருக்கிறது. எந்த ஊர் மரமோ! எரிக்க மனசு வராமல் மீன் அரிகிற கத்தியால் சீவ ஆரம்பித்தவள், ஒரு வாத்து செய்துவிட்டாள். வாத்தென்று அவள்தான் சொன்னாள். அப்புறம் உளி வாங்கினாள், போனில் யாரோ எங்கேயோ செதுக்குவதைப் பார்த்துப் பார்த்துக் கரண்டி, மீன், சொரூபம் வைக்கிற சின்ன மேடை என்று தெருவில் வீட்டுக்கு ஒன்று கொடுத்தாள்.

ஆனால் அவளுக்குச் செதுக்குவதைவிடக் கடைசி வேலைதான் ஆசை. முதலில் முரட்டுத் தாள், பிறகு சன்னத் தாள். அப்புறம் ஈரத்துணியால் ஒரு துடை. ஈரம் பட்டதும் மரத்தில் படுத்திருந்த நாரெல்லாம் பூனைமுடி போல எழுந்து நிற்கும். காய்ந்ததும் அதை மறுபடி தேய்த்து எடுக்க வேண்டும். ரெண்டு தரம் அப்படிச் செய்தால் நார் அடங்கிவிடும், அதற்குமேல் வேண்டாம் என்பாள். பிறகுதான் எண்ணெய். ஆரம்பத்தில் விவரம் தெரியாமல் கரண்டிக்கு நல்லெண்ணெய் தடவப்போய், தெருவில் இருக்கிற எறும்பெல்லாம் அவள் வீட்டுக்குக் குடிவந்துவிட்டது. அதன்பிறகு ஆளிவிதை எண்ணெய்க்கு மாறினாள். அதோடு, கோயில் வாசலில் இருக்கிற மாதா கெபியில் எரிந்து மீந்த மெழுகுவத்தித் துண்டுகளை உருக்கிக் கலந்து பூசுவாள். அந்தத் துண்டுகளைப் பொறுக்கிவருவது ஜெரால்டின் வேலை.

“எம்மா, நீ தேய்க்கற தேய்ப்புல அப்பாவே பாதியா பூட்டாரு. அடுத்து என்னிய வுட்ரு” என்று படியில் இறங்கும்போதே கத்துவான். டிரெய்லர் யார்டில் வேலை. சிரித்தால் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும். கூலி கேட்காமல் எனக்கு நூல்கண்டு பெட்டியைத் தூக்கிவந்து வைக்கிற பிள்ளை.

அவன் கடலுக்குப் போகிறவனே இல்லை. தோஸ்து ஒருத்தன் போட்டில் ஆள் குறைகிறதென்று கூப்பிட்டான், லீவுதானே என்று போனான். போட்டு திரும்பி வந்தது, அவன் வரவில்லை. வலை இழுக்கும்போது ஒரு அலை தூக்கிப் போட்டது, தேடினோம், கிடைக்கவில்லை என்று அழுதுகொண்டே சொன்னார்கள். காசிமேட்டுப் போட்டுகள் போய்த் தேடின. வடக்கே நெட்டுக்குப்பத்து ஆட்களிடமும் முகத்துவாரத்தில் பார்க்கச் சொல்லிவைத்தோம். எங்கேயும் ஒன்றும் ஒதுங்கவில்லை.

அவனுடைய துணிப்பை மட்டும் வந்தது. உள்ளே அவள் செய்து கொடுத்த கரண்டி. அவள் கதறுவாள் என்று பிடித்துக்கொள்ளத் தயாராக நின்றோம். அவள் கரண்டியை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள்.

“உப்புத்தண்ணில நாரு எய்ந்துகீது” என்றாள். பர்சைத் திறந்து உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். ஐயோ, அந்தச் சத்தத்தை என்னால் கேட்க முடியவில்லை. கீழே ஓடிவந்து மிஷினை மிதித்தேன்.

எங்கள் பக்கத்தில், உடம்பு கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வருஷம் திரும்பியும் தகவல் இல்லையென்றால் பூசை வைத்து, சட்டையோ வேட்டியோ புதைத்து, கல்லறைத் தோட்டத்தில் பேர் எழுதி ஒரு சிலுவை நட்டுவிடுவார்கள். வருஷம் திரும்பியதும் அண்ணன் ஒரு கட்டையைத் தோளில் சுமந்து வந்தார். கருஞ்சிவப்பு, நல்ல கனம். படியேறும்போது என்னையும் கூப்பிட்டார், தனியாகக் கேட்கப் பயம்போல.

“கடைல விக்கற சிலுவ அவனுக்கு வேணாம். நீ செய்மே” என்றார்.

கட்டையைத் தூக்கி அவர் தலையிலேயே போடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் வாங்கிக் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். “நல்ல மரம்” என்று மட்டும் சொன்னாள்.

சிலுவையைச் சட்டென்று செய்துவிட்டாள். குறுக்குக் கட்டையைப் பொருத்தி, ஜெரால்டு என்று எழுத்தும் வெட்டிவிட்டாள். அண்ணன் கீழே வந்து, “டைலரம்மா, பேரு சோக்கா வந்துகீது. சாமியாரப் பாத்துப் பூசைக்குச் சொல்லிட்டு வந்துர்றேன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தேய்க்கிற வேலைதான் பாக்கி. மற்ற எதையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கிறவளாயிற்றே!

அந்த வேலைதான் முடியவில்லை. எப்போது கேட்டாலும் ஒரே பதில்.

“இன்னும் சொரசொரப்பா கீது.”

ஈரத்துணியால் துடைப்பாள். நார் எழும். தேய்ப்பாள். மறுபடியும் துடைப்பாள். ரெண்டு தரம் போதும் என்று எனக்குச் சொன்னதே அவள்தான். கேட்டால் கடல்காற்று என்பாள், ஈரம் என்பாள், மழை விடட்டும் என்பாள். வெயில் வந்தால் கன்டெய்னர் லாரிப் புழுதி எண்ணெயில் ஒட்டும் என்பாள். சொல்வது எல்லாம் நிஜம்தான். எங்கள் தெருவில் துடைத்த மேசை காப்பி ஆறுவதற்குள் கறுத்துவிடும். அதனால் எதிர்த்துப் பேசவும் முடியாது.

கல்லறைத் திருநாள் வந்தது. அதற்கு முந்தின வாரமே எல்லாரும் போய்ப் புல்லைப் பிடுங்கி, சிலுவைக்கு வெள்ளை பெயின்ட் அடித்து வைத்துவிடுவார்கள். அன்றைக்குச் சாமந்தியும் மெழுகுவத்தியுமாகத் தோட்டமே நிறைந்திருக்கும். அவரவர் ஆட்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உயிரோடு இருக்கிறவர்களிடம் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருப்பார்கள். அண்ணனும் மாலை, மெழுகுவத்தி எல்லாம் வாங்கிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் அப்படியே திரும்பி வந்து என் கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்க கொளுத்தறதுன்னு தெரில டைலரம்மா” என்றார். “எல்லாம் அவங்கவங்க ஆளாண்ட குந்திக்கினு பேசறாங்க. நான் யாராண்ட பேசறது?”

அந்த மாலையை என் மிஷின்மேல் வைத்துவிட்டு மேலே போனார். சண்டை கீழே வரைக்கும் கேட்டது.

“எனுக்கு அளறதுக்கு ஒரு எடம் வேணும்மே! அத்தக்கூடக் குடுக்க மாட்டியா?”

“அளணும்னா வூட்ல குந்தி அளு, யாரு வேணான்னா? நாளிக்கு அவன் வந்து நின்னு, இன்னாம்மா எம்பேர்ல சிலுவ நட்டுகீறன்னு கேட்டா நீயா பதில் சொல்லுவ?”

“அவன் வர மாட்டான்மே!”

பிறகு தேய்க்கிற சத்தம்தான் கேட்டது.

அடுத்த கல்லறைத் திருநாளும் அப்படியே போயிற்று. நான் பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் மேலே போனேன். சிலுவை அவள் மடியில் கிடந்தது. நாலு விரல் கனம் இருந்த கட்டை, தேய்ந்து தேய்ந்து கட்டைவிரல் கனத்துக்கு வந்திருந்தது. அதுகூடப் போகட்டும். பேரைக் காணோம். எழுத்து வெட்டின இடம் தண்ணீர் மாதிரி வழவழவென்று இருந்தது.

கத்திவிட்டேன். அப்போது சொன்னதை இப்போதும் மாற்றிக்கொள்ள மாட்டேன். “பெத்தது நீ மட்டுமா? அந்த மனுசன் தெனம் டூட்டிக்கு முன்னால காசிமேட்டுக்குப் போயி கடலப் பாத்துக்கினு நிக்கறாரு. அவருக்குன்னு ஒன்னு குடுத்துத் தொலையேன்கா! பேரையும் தேச்சு எட்த்துட்டியே, இது இன்னாத்துக்கு ஆவும்?”

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“ஒன் ஸ்கேல்லகூடத்தான் நெம்பரு பூட்ச்சு. தூக்கியா போட்ட? வெச்சுக்கினுதான கீற?”

என் வாய் இந்தத் தெருவில் யாருக்கும் அடங்கினதில்லை. அன்றைக்கு இறங்கி வந்து அந்த ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அண்ணனுக்கு அடுத்த கல்லறைத் திருநாள் வரவில்லை. டூட்டி முடிந்து வந்து, தண்ணி கொடு என்று கேட்டிருக்கிறார். அவள் சொம்போடு வருவதற்குள் சுவரில் சாய்ந்தபடியே போய்விட்டார். சொந்தக்காரர்கள் வந்தார்கள், ஐஸ்பெட்டி வந்தது, பந்தல் போட்டார்கள். மறுநாள் மதியம் அடக்கம். நட்டுவைக்கிற சிலுவைக்குச் சொல்லிவிடலாமா என்று கோயில் ஆட்கள் கேட்டபோது, கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அவள் எழுந்தாள்.

“வேணாம். அவுரு கொண்டாந்த மரம் கீது” என்றாள்.

உள்ளே போய்ச் சிலுவையையும் உளியையும் எடுத்துவந்து, அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நெடுக்குக் கட்டையில் அவர் பேரை வெட்டினாள். அதற்குக் கீழே தன் பேரையும் வெட்டினாள். “உசுரோட கீறவ பேர எவளாவது வெட்டுவாளா?” என்று அண்ணனின் அக்கா அலறினாள். இவள், “எனுக்கு யாரு வெட்டறதுக்குக் கீறாங்க?” என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். சன்னத் தாளால் தேய்த்தாள். கன்னத்தை வைத்துப் பார்த்தாள். எண்ணெயும் மெழுகும் பூசித் துணியால் அழுத்தித் துடைத்தாள். பிறகு நான் கொஞ்சமும் நினைக்காத ஒன்றைச் செய்தாள். தன் பேருக்குக் கீழே, இன்னொரு பேர் வெட்டுகிற அளவுக்கு, சாண் நீளம் எண்ணெய் படாமல் விட்டிருந்தாள். உளியை எடுத்து, அந்த இடத்தை மட்டும் கொத்தினாள். ஊரில் இருக்கிற மரத்தையெல்லாம் தேய்த்தவள், தன் கையால் அதைச் சொரசொரப்பாக்கினாள்.

அதன்பிறகு சிலுவையை உள்ளங்கையால் ரெண்டு தட்டு தட்டினாள்.

“முடிஞ்சிச்சுயா. எட்த்துக்கோ.”

அப்போதுதான் அழுதாள். மகனுக்கும் சேர்த்து அழுதாள். எடம் வேணும், எடம் வேணும் என்று கேட்ட மனுஷன், தனக்கே அந்த இடத்தை வாங்கிக்கொண்டு போனார். அவர் கேட்டபோது கிடைக்காததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதற்கப்புறம் அவள் எதையும் செதுக்கவில்லை. கல்லறைத் திருநாளில் என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கரண்ட் பில்லில் ஆரம்பித்து எதிர்வீட்டு நாய் குட்டி போட்டது வரைக்கும் சொல்வாள். ஜெரால்டு பற்றி மட்டும் பேசமாட்டாள். கிளம்பும்போது குனிந்து, கொத்தின இடத்தில் கன்னத்தை வைப்பாள். கன்னம் சிவந்து கீறல் விழும். துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். மூச்சுத்திணறல் வந்து அவளும் போனபோது அதே குழியில்தான் வைத்தோம். பேர் தயாராக இருந்தது.

இப்போது அங்கே போகிறது நான் மட்டும்தான். கழுத்தில் தாலியும் நெற்றியில் குங்குமமுமாக ஒருத்தி சிலுவைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும்.

போன கல்லறைத் திருநாளுக்கு நாலு நாள் முன்னால், பெயின்ட் அடிக்கிற ஆள் டப்பாவும் பிரஷ்ஷுமாக வரிசையாக வந்துகொண்டிருந்தார். எங்கள் சிலுவையிடம் நின்றார்.

“மரம்லாம் நல்லா கீதுமா. இந்த எடம் மட்டும் ஏன் இப்டி கொத்திவுட்டுகீது? தண்ணி எறங்கி உளுத்துரும். கொஞ்சம் நவுரு, நல்லா தேச்சு ரெண்டு கோட்டு அட்ச்சு உட்டர்றேன்.”

சொல்லிக்கொண்டே பையிலிருந்து உப்புத்தாளை எடுத்துவிட்டார். அவர் சொன்னது சரிதான். மழை இறங்கினால் முதலில் உளுத்துப்போகப்போவது அந்த இடம்தான். ஜெரால்டு வரமாட்டான் என்பதும் எனக்குத் தெரியும், அவளுக்கும் அது எப்போதோ தெரிந்திருக்கும்.

“கைய எடுயா!” என்றேன். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கல்லறையில் பூ வைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மிரண்டுபோய் ரெண்டடி பின்னால் போனார். பாவம், அவர் என்ன செய்வார். நான் குனிந்து அந்த இடத்தில் கன்னத்தை வைத்தேன். குத்தியது.

“அங்க ஒன்னும் பண்ணாத நைனா,” என்றேன். “இன்னும் சொரசொரப்பா கீது.”